போர்ட்லண்ட் ரசிகரின் வருத்தத்தில் எது நியாயம்?

கேள்வி இதுதான்: அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஆடும் போர்ட்லண்ட் டிரெயில் பிளேசர்ஸ் அணி, டிராஃப்ட் எனப்படும் இளம் வீரர் தேர்வில், 1984ஆம் ஆண்டு மைக்கேல் ஜோர்டானை விட்டுவிட்டு சாம் போவியையும், 2007ஆம் ஆண்டு கெவின் டுரான்டை விட்டுவிட்டு கிரெக் ஓடனையும் தேர்ந்தெடுத்தது. ஒரே அணி இருமுறை இப்படிச் சறுக்கியதை நிர்வாகத்தின் அறியாமை என்று கொள்வதா, கெட்ட நேரம் என்று விடுவதா, இத்தனை காலம் கழித்து அதைக் குறை சொல்ல ரசிகனுக்கு உரிமை உண்டா?

உரிமை தாராளமாக உண்டு. ஆனால் இந்த இரண்டு முடிவுகளையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பதை நான் ஏற்க மாட்டேன். 2007ஆம் ஆண்டின் முடிவு அன்றைய நிலையில் சரியானது, அதன் விளைவுதான் கொடுமையாக அமைந்தது. 1984ஆம் ஆண்டின் முடிவு தவறானது, ஆனால் பெரும்பாலோர் சொல்லும் காரணத்தால் அது தவறாகவில்லை. இவை இரண்டையும்விட ஒரு பிளேசர்ஸ் ரசிகன் கோபப்பட்டே தீர வேண்டிய ஆண்டு ஒன்று இருக்கிறது. அது 2005. கேள்வியில் அந்த ஆண்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதே எனக்கு வியப்பாக இருக்கிறது.

டிராஃப்ட் முறையைப் பழகாதவர்களுக்காக இரண்டு வரிகள். ஐபிஎல் ஏலத்தில் பணப்பை கனமாக உள்ளவர் முந்தலாம். என்பிஏ டிராஃப்டில் அப்படி முந்த முடியாது. பொதுவாக முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்வரிசை கிடைக்கும், ஒவ்வொரு அணியும் தன் முறை வரும்போது ஓர் இளம் வீரரின் பெயரைச் சொல்லும், அந்த வீரரின் உரிமை அந்த அணிக்குப் போய்விடும். தன் முறையையே இன்னோர் அணிக்கு விற்கவோ மாற்றிக்கொள்ளவோ செய்யலாம். இந்தக் கடைசி விதிதான் போர்ட்லண்டின் கதையில் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது.

முதலில் 1984. அந்த ஆண்டு போர்ட்லண்ட் மோசமான அணியாகவே இல்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1983-84 பருவத்தில் அது 48 ஆட்டங்களை வென்றது. இரண்டாவது இடத்துக்கான முறை அதன் கைக்கு வந்தது 1981ஆம் ஆண்டு டாம் ஓவன்ஸ் என்ற முதிர்ந்த வீரரை இண்டியானாவுக்குக் கொடுத்து, பதிலுக்கு அந்த அணியின் 1984ஆம் ஆண்டு முதல் சுற்று முறையை வாங்கி வைத்திருந்ததால். இண்டியானா அந்தப் பருவத்தில் கிழக்குப் பிரிவின் கடைசி இடத்தில் போய் விழுந்தது. முதலிடத்தைக் குலுக்கல் போட்டு முடிவு செய்யும் வழக்கம் அடுத்த ஆண்டுதான் வந்தது. அன்றைய வழக்கப்படி இரு பிரிவுகளின் கடைசி அணிகளுக்கும் இடையே நாணயம் சுண்டி முதலிடத்தை முடிவு செய்தார்கள். நாணயம் ஹியூஸ்டன் பக்கம் விழுந்தது. ஹியூஸ்டன் ஹக்கீம் ஒலாஜுவோனை எடுத்தது, போர்ட்லண்ட் போவியை எடுத்தது, மூன்றாவதாக வந்த சிகாகோ ஜோர்டானை எடுத்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஹியூஸ்டனும் ஜோர்டானை விட்டுவிட்டுத்தான் போனது, ஆனால் அந்த அணியை இன்றுவரை யாரும் பழிப்பதில்லை, ஏனென்றால் ஒலாஜுவோன் 1994, 1995 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஹியூஸ்டனுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். ஆக, 'ஜோர்டானை விட்டது' என்பது மட்டுமே குற்றமாகிவிடாது. அவரை விட்டு யாரை எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஏன் எடுத்தார்கள் என்பதற்கு வழக்கமான விளக்கம் ஒன்று இருக்கிறது: ஜோர்டான் ஆடும் இடத்தில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள், சென்டர் இடத்தில், அதாவது கூடைக்கு அருகில் ஆடும் நெடிய வீரரின் இடத்தில்தான், ஆள் இல்லை. இது உண்மைதான். ஜிம் பாக்ஸன் 1983இலும் 1984இலும், லீக்கின் சிறந்த வீரர்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானவர். அதற்கு முந்தைய ஆண்டின் டிராஃப்டில் 14ஆவது இடத்தில் கிளைடு டிரெக்ஸ்லர் கிடைத்திருந்தார். முதல் பருவத்தில் சராசரியாக 7.7 புள்ளிகள்தான் எடுத்தார் என்றாலும், அவர் பெரிய வீரராக வளர்வார் என்ற நம்பிக்கை அணிக்குள் இருந்தது, அந்த நம்பிக்கை வீணாகவும் இல்லை. இந்த இருவரையும் வைத்துக்கொண்டு அதே இடத்துக்கு மூன்றாவதாக ஒருவரை ஏன் எடுக்க வேண்டும் என்று பொது மேலாளர் ஸ்டூ இன்மனும் பயிற்சியாளர் ஜாக் ராம்சேயும் நினைத்ததில் அபத்தம் எதுவும் இல்லை.

அதோடு, போர்ட்லண்டுக்குச் சென்டர் என்ற சொல்லின் மீது ஒரு தீராத ஏக்கம் இருந்தது. அந்த அணி வென்ற ஒரே கோப்பை 1977ஆம் ஆண்டினுடையது. பில் வால்டன் என்ற மகத்தான சென்டரும் இதே ராம்சேயும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. வால்டனின் பாதம் அடுத்த ஆண்டே அவரைக் கைவிட்டது, 1979இல் அவர் அணியை விட்டே போனார். 1978இல் முதலிடத்தில் எடுக்கப்பட்ட மைக்கல் தாம்ப்சன் கால் முறிந்து 1979-80 பருவம் முழுவதும் வெளியே உட்கார்ந்தார். இவற்றுக்கெல்லாம் முன்பு, 1972இல், பாப் மெக்காடூவை விட்டுவிட்டு லாரூ மார்ட்டின் என்ற நெடிய வீரரை முதலிடத்தில் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்ட வரலாறும் உண்டு. மார்ட்டின் நான்கு பருவங்களில் காணாமல் போனார், மெக்காடூ 1975இல் ஆண்டின் சிறந்த வீரர் விருதை வாங்கினார்.

இங்கேதான் எனக்கு முதல் ஆட்சேபம். சென்டர் இடம் காலியாக இருந்தது உண்மைதான், ஆனால் அதைக் காலியாக்கியதில் நிர்வாகத்துக்கே பாதிப் பங்கு உண்டு. டிராஃப்டுக்குச் சில நாட்களுக்கு முன்னால் கிகி வாண்டவே என்ற ஒரு புள்ளிக் குவிப்பாளருக்காக ஃபேட் லீவர், கால்வின் நாட், வேய்ன் கூப்பர் ஆகிய மூவரையும், வருங்கால டிராஃப்ட் முறைகளையும் டென்வருக்கு அள்ளிக் கொடுத்தார்கள். அந்த மூவரில் கூப்பர் ஒரு சென்டர். தன் வீட்டுக் கதவைத் தானே கழற்றி விற்றுவிட்டு, கதவில்லாத வீட்டில் எப்படி இருப்பது என்று அவசரமாகக் கடைக்கு ஓடுவதைப் போன்றது இது. இந்த அவசரத்தில் வாங்கிய கதவுதான் போவி.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் பெரியது. 'ஜோர்டான் இப்படி ஆவார் என்று யாருக்குத் தெரியும்?' என்ற சமாதானத்தை நான் ஏற்றுக்கொள்ளத் தயார். வட கரோலினாவில் டீன் ஸ்மித்தின் கட்டுக்கோப்பான ஆட்டமுறைக்குள் ஆடியவர், 1984இல் கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரர் விருதுகளை வாங்கியவர், 1982 இறுதி ஆட்டத்தில் வெற்றிக்கான பந்தைப் போட்டவர் என்ற அளவில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். வரலாற்றின் மிகப் பெரிய வீரராக வருவார் என்பது அன்று யார் கணக்கிலும் இல்லை. அவரை எடுத்த சிகாகோவின் மேலாளர் ராட் தார்னே, தங்களுக்குத் தோதான சென்டர் கிடைக்கவில்லை என்ற ஆதங்கத்தை மறைக்காமல்தான் பேசினார். ஆனால் போவியைப் பற்றி அன்று தெரிந்தது என்ன? கென்டக்கி பல்கலைக்கழகத்தில் இடது முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பில் ஏற்பட்ட விரிசலால் அவர் 1981-82, 1982-83 ஆகிய இரண்டு பருவங்களை முழுமையாக இழந்திருந்தார். இதைத் தெரிந்துகொள்ள எந்த ஆருடமும் தேவையில்லை. செய்தித்தாளில் வந்த சேதி. ஏழடி ஓர் அங்குல உடம்பைத் தாங்கும் எலும்பு இரண்டு ஆண்டுகளாகச் சேராமல் இழுத்தடித்தது என்ற தகவலைக் கையில் வைத்துக்கொண்டு, உடல் முழுமையாக நன்றாக இருந்த ஒரு வீரரைத் தாண்டிப் போனார்கள். குற்றம் என்று நான் சொல்வது இதைத்தான்.

போர்ட்லண்டின் மருத்துவர்கள் போவியை மணிக்கணக்கில் பரிசோதித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் கழித்து, 2012இல், போவியே ஓர் ஆவணப்படத்தில் அந்தப் பரிசோதனையைப் பற்றி மனம் திறந்தார்: சிறு சுத்தியலால் இடது காலைத் தட்டியபோது வலியில்லை என்று சொன்னதாகவும், உள்ளுக்குள் வலித்ததாகவும் ஒப்புக்கொண்டார். அவரை இதற்காக நிந்திக்க எனக்கு மனம் வரவில்லை. இருபத்து மூன்று வயதில், குடும்பத்தின் வாழ்க்கையே மாறப்போகும் ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும் இளைஞனிடம் வலிக்கிறதா என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்? ஆனால் இந்த ஒப்புதல் நிர்வாகத்தின் பழியைத் துடைத்துவிடாது. சுத்தியல் தட்டாமலேயே தெரிந்த இரண்டு வெற்றுப் பருவங்கள் அவர்கள் முன்னால் இருந்தன.

போவி முதல் பருவத்தில் 76 ஆட்டங்கள் ஆடினார். சராசரியாக 10 புள்ளிகளும் 8.6 ரீபவுண்டுகளும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார். கேலிக்குரிய வீரர் அல்லர். அடுத்த பருவத்தில் 38 ஆட்டங்கள், அதற்கடுத்ததில் 5, அதற்கும் அடுத்த 1987-88இல் ஒன்றுகூட இல்லை. ஐந்து ஆண்டுகளில் மொத்தம் 139 ஆட்டங்கள். விசித்திரம் என்னவென்றால், 1985-86இல் ஜோர்டானும் பாதத்தில் எலும்பு முறிந்து 18 ஆட்டங்கள்தான் ஆடினார். அந்த ஒரு பருவத்தின் முடிவில் யாரேனும் கணக்குப் பார்த்திருந்தால், போவி ஜோர்டானைவிட அதிகமாகக் களத்தில் நின்றவர். முடிவை வைத்து மட்டும் தேர்வை எடைபோடுபவர்கள், எந்தத் தேதியில் நின்று முடிவைப் பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நான் அடிக்கடி கேட்பது இதனால்தான்.

2007ஐ நான் சுருக்கமாகவே கடக்கப் போகிறேன், ஏனென்றால் அதில் வாதாட அதிகம் இல்லை. முதலிடம் கிடைக்க 5.3 விழுக்காடு வாய்ப்பு மட்டுமே இருந்த போர்ட்லண்ட் குலுக்கலில் வென்றது. ஒஹையோ ஸ்டேட்டின் ஓடன், வலது மணிக்கட்டில் அறுவைச் சிகிச்சை முடிந்து, சிலகாலம் ஃப்ரீ த்ரோக்களை (எதிரணி விதிமீறலுக்காகக் கிடைக்கும் தடையற்ற எறிதல்களை) இடது கையால் போட்டுக்கொண்டே தன் அணியைக் கல்லூரி இறுதி ஆட்டம்வரை கொண்டுபோனவர். ஃபுளோரிடாவிடம் தோற்ற அந்த இறுதி ஆட்டத்திலும் 25 புள்ளிகளும் 12 ரீபவுண்டுகளும் எடுத்தார். டெக்சாஸின் டுரான்ட் சராசரியாக 25.8 புள்ளிகள் எடுத்து, முதலாண்டு மாணவராகவே நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் விருதை வாங்கியவர். டுரான்டுக்காக வாதாடியவர்கள் இருந்தார்கள், அவர்கள் இன்று தலைநிமிர்ந்து நடக்கலாம். ஆனால் லீக்கின் பெரும்பாலான மேலாளர்கள் முதலிடத்தில் ஓடனைத்தான் எடுத்திருப்பார்கள். போவியின் காலைப் போல அவருடைய முழங்காலில் முன்கூட்டியே எழுதி ஒட்டிய எச்சரிக்கை இல்லை. டிராஃப்டுக்கு மறுநாள் நகரின் நடுவில் உள்ள பயனியர் கோர்ட்ஹவுஸ் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடி ஓடனை வரவேற்றார்கள். அந்தக் கூட்டத்தில் நின்று கைதட்டிய எவருக்கும் 'நான் அன்றே சொன்னேன்' என்று பேச வாயில்லை.

செப்டம்பரில் வலது முழங்காலில் அறுவைச் சிகிச்சை, முதல் பருவம் முழுவதும் ஓய்வு, 2008-09இல் 61 ஆட்டங்கள், அடுத்த பருவத்தின் 21ஆவது ஆட்டத்தில் இடது முழங்கால் சில்லு உடைந்தது. போர்ட்லண்டுக்காக ஆடியது மொத்தம் 82 ஆட்டங்கள், அதாவது சரியாக ஒரு முழுப் பருவத்தின் அளவு. 2012 மார்ச்சில் அணி அவரை விடுவித்தது. டுரான்ட் 2014இல் லீக்கின் சிறந்த வீரரானார். வருந்தலாம். ஆனால் இந்த வருத்தத்தை நிர்வாகத்தின் மீது திருப்புவது அநியாயம்.

இனி 2005. அந்தப் பருவத்தில் 27 ஆட்டங்களை மட்டும் வென்ற போர்ட்லண்டுக்கு மூன்றாவதாகத் தேர்ந்தெடுக்கும் முறை கிடைத்தது. முதலிடத்தில் மில்வாக்கி ஆண்ட்ரூ போகட்டையும், இரண்டாவதாக அட்லாண்டா மார்வின் வில்லியம்ஸையும் எடுத்தன. மூன்றாமிடத்தில் டெரன் வில்லியம்ஸ், கிறிஸ் பால் என்ற இரண்டு பாயிண்ட் கார்டுகள், அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் வீரர்கள், காத்திருந்தார்கள். போர்ட்லண்ட் இருவரையும் எடுக்கவில்லை. மூன்றாவது முறையை யூட்டாவுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஆறாவது, இருபத்தேழாவது முறைகளையும் பின்னாளுக்கு ஒரு முதல் சுற்று முறையையும் வாங்கிக்கொண்டது. யூட்டா வில்லியம்ஸை எடுத்தது, நியூ ஆர்லியன்ஸ் நான்காவதாகப் பாலை எடுத்தது, போர்ட்லண்ட் ஆறாவதாக மார்ட்டெல் வெப்ஸ்டர் என்ற உயர்நிலைப் பள்ளி மாணவரை எடுத்தது.

இதற்கான பெரிய காரணம் பழைய காரணமேதான்: அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருந்தார். முந்தைய ஆண்டு 13ஆவது இடத்தில் எடுத்த செபாஸ்டியன் டெல்ஃபேர், புரூக்ளின் பள்ளியிலிருந்து பெரும் ஆரவாரத்தோடு நேரே லீக்குக்கு வந்தவர். 1984இல் பாக்ஸனும் டிரெக்ஸ்லரும் இருந்தார்கள் என்பதாவது ஒரு மரியாதையான காரணம். ஒருவர் ஆல்-ஸ்டார், மற்றவர் பின்னாளில் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றவர். 2005இல் வழியை மறித்து நின்றவர் ஒரே ஒரு பருவம் ஆடிய, தன்னை இன்னும் நிரூபிக்காத இருபது வயது இளைஞர். எதிர்ப்பக்கம் இருந்தவரோ வேக் ஃபாரஸ்ட் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் எல்லோர் கண்முன்னாலும் ஆடியவர், முதல் நான்கு இடங்களுக்குள் போவார் என்று பரவலாக எதிர்பார்க்கப்பட்டவர், உடலில் பெரிய குறை ஏதும் இல்லாதவர். பால் 2006இல் சிறந்த புதுமுக வீரர் விருதை வாங்கினார். டெல்ஃபேரை அதே 2006இல் போர்ட்லண்ட் பாஸ்டனுக்கு அனுப்பிவிட்டது. எந்த நாற்காலியைக் காப்பாற்றுவதற்காகப் பாலை விட்டார்களோ, அந்த நாற்காலி ஓராண்டில் காலியானது.

இதைச் சொல்வதற்குப் பின்னறிவு வேண்டியதில்லை. அன்றிரவே எழுதியிருக்கக்கூடிய குற்றச்சாட்டு இது. எதிர்கால வருமானத்தை நம்பி நல்ல நிலத்தை விற்றுவிட்டு மூன்று துண்டு வரப்பு நிலம் வாங்கிய கணக்கு. ஆனால் 2005ஐப் பற்றி எவரும் பாட்டுக் கட்டவில்லை, ஏனென்றால் வெப்ஸ்டர் ஒரு சோகக் கதை ஆகவில்லை. ஓரளவு ஆடினார், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் வேறு அணிக்குப் போனார். போவியும் ஓடனும் எலும்பு முறிந்ததால் நினைவில் நிற்கிறார்கள். சுமாரான தேர்வுகளை ரசிகர்கள் மறந்துவிடுகிறார்கள், அதனால் நிர்வாகங்களின் உண்மையான பிழைகள் பல கணக்கில் ஏறாமலே தப்பிவிடுகின்றன.

இங்கே என் வாதத்துக்கே எதிரான ஒன்றையும் நான் சொல்லியாக வேண்டும். பாலை எடுத்திருந்தால் 2005-06இல் போர்ட்லண்ட் 21 வெற்றிகளோடு லீக்கின் கடைசி இடத்துக்குப் போயிருக்குமா? போயிராவிட்டால் 2006 டிராஃப்டில் நான்காவது முறை கையில் இருந்திருக்காது. அந்த முறையில் எடுத்த டைரஸ் தாமஸைச் சிகாகோவுக்குக் கொடுத்து லமார்கஸ் ஆல்ட்ரிட்ஜைப் பெற்றிருக்க முடியாது. டெல்ஃபேரைப் பாஸ்டனுக்கு அனுப்பியதில் கிடைத்த ஏழாவது முறையைப் பயன்படுத்தித்தான் மின்னசோட்டாவிடமிருந்து பிராண்டன் ராயை வாங்கினார்கள். ராய் 2007இல் சிறந்த புதுமுக வீரர், பின்பு மூன்று முறை ஆல்-ஸ்டார். ஆக, டெல்ஃபேர் என்ற பிழையின் வயிற்றில் ராய் என்ற வரம் பிறந்தது. போவியின் கதையும் அப்படித்தான்: 1989இல் அவரையும் ஒரு முதல் சுற்று முறையையும் நியூ ஜெர்சிக்குக் கொடுத்து பக் வில்லியம்ஸை வாங்கினார்கள், வில்லியம்ஸ் வந்த முதல் பருவத்திலேயே அணி 59 ஆட்டங்களை வென்று 1990 இறுதிச்சுற்றுக்குப் போனது. ஒரு தேர்வை மட்டும் உருவியெடுத்து மாற்றிவிட்டு மற்றதெல்லாம் அப்படியே இருக்கும் என்று கற்பனை செய்வது, வீட்டின் அடிச்செங்கலை உருவிவிட்டு மாடி நிற்கும் என்று நம்புவதற்குச் சமம்.

அதற்காக 2005ஐ நான் மன்னித்துவிட மாட்டேன். பிழையிலிருந்து நல்லது விளைந்தால் அடுத்து வந்தவர்களின் திறமையைப் பாராட்டலாம். பிழை செய்தவர்களுக்கு அதில் பங்கு கிடையாது. 1992 இறுதிச்சுற்றில் டிரெக்ஸ்லரும் பக் வில்லியம்ஸும் இருந்த போர்ட்லண்ட், ஜோர்டானின் சிகாகோவிடம் 4-2 என்று தோற்றது. முதல் ஆட்டத்தின் முதல் பாதியிலேயே ஜோர்டான் 35 புள்ளிகள் குவித்துவிட்டு, தனக்கே புரியவில்லை என்பதுபோல் தோளைக் குலுக்கிய காட்சியை போர்ட்லண்ட் ரசிகர்கள் எத்தனை முறை பார்த்திருப்பார்கள் என்பதை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

ரசிகனாக ஒரு தேர்வைக் குறை சொல்லும் முன் நான் எனக்கே போட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் குறையை அந்த இரவே, பெயர் அறிவிக்கப்பட்ட நிமிடத்திலேயே, அன்று தெரிந்த தகவலை மட்டும் வைத்து நான் சொல்லியிருக்க முடியுமா? போவியின் காலைப் பற்றிச் சொல்லியிருக்க முடியும். டெல்ஃபேருக்காகப் பாலைக் கைவிட்டதைப் பற்றிச் சொல்லியிருக்க முடியும். ஓடனைப் பற்றி, நேர்மையாகப் பேசினால், முடியாது.

இந்தப் பழைய கதைகளைப் போர்ட்லண்ட் நிர்வாகமும் மறக்கவில்லை என்று நினைக்கிறேன். 2023இல் மீண்டும் மூன்றாவதாகத் தேர்ந்தெடுக்கும் முறை கிடைத்தபோது, டேமியன் லில்லார்டும் ஆன்ஃபெர்னி சைமன்ஸும் ஏற்கெனவே கார்டு இடங்களில் இருந்தும், அதே இடத்தில் ஆடும் ஸ்கூட் ஹெண்டர்சனை எடுத்தது. இடம் காலியாக இருக்கிறதா என்று பார்க்காமல் திறமையைப் பார்த்தார்கள், அதாவது 1984இலும் 2005இலும் செய்யத் தவறியதைச் செய்தார்கள். சில நாட்களில் லில்லார்டு தன்னை வேறு அணிக்கு மாற்றும்படி கேட்டார், செப்டம்பரில் மில்வாக்கிக்குப் போனார், 2025இல் திரும்பி வந்தார். இதற்கிடையில் நான்காவதாக ஹியூஸ்டன் எடுத்த ஆமென் தாம்ப்சன் வேகமாக வளர்ந்துவிட, அவரை ஏன் எடுக்கவில்லை என்று ரசிகர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் 2023 ஜூன் மாத இரவில் தாம்ப்சன் பெயரைச் சொன்னார்கள் என்று நீங்களே ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.